பொறுமை இல்லாதவள் ஊழியம் செய்யலாமா?

கேள்வி:

தென்மாவட்டக் கிராமச் சபை ஒன்றைச் சேர்ந்தவள் நான். வயது 46. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஆறு பேர், படுக்கையில் இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குச் சனிக்கிழமைதோறும் போய்வருகிறோம். உடம்பு துடைத்துவிடுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, ஜெபிப்பது என்று மூன்று வருடங்களாக நடக்கிறது. எனக்குக் கொடுக்கப்பட்டவர், பக்கவாதத்தால் வலது கையும் காலும் செயலிழந்த ஓர் ஆச்சி. முதலில் பிரியமாகத்தான் இருந்தார். சில மாதங்களாக எதைச் செய்தாலும் குறை சொல்கிறார். கஞ்சி சுடுகிறது, தண்ணீர் சில்லிடுகிறது, என் கை முரடு. போன மாதம், "உங்களுக்குப் பரலோகத்தில் இடம் பிடிக்க என் உடம்புதான் கிடைத்ததா?" என்று கேட்டுவிட்டார். டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் ஆராதனை முடிந்ததும் எங்கள் குழுவுக்குச் சால்வை போட்டுப் பாராட்டினார்கள். நான் கூனிக்குறுகிப் போனேன். இடையில் ஒருமுறை, ஆச்சிக்குப் படுக்கையிலேயே சிறுநீர் போவதையும் மகன் பணம் அனுப்பாததையும் ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பாக, அதாவது எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கவேண்டிய விஷயமாக, சொன்னோம். அது மருமகள் காதுக்குப் போய்ச் சின்ன மனவருத்தம் ஆனது, பிறகு சரியாகிவிட்டது. ஆவியின் கனி என்று வேதம் சொல்லும் நற்குணங்களில் பொறுமையும் சாந்தமும் என்னிடம் இல்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. கனியில்லாதவள் இந்த ஊழியத்தைச் செய்யலாமா? விலகிவிடுவதுதான் நேர்மையா?

பதில்:

அன்பான சகோதரி,

உங்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி கடிதத்தைச் சுருக்கி, சில விவரங்களை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். தீராத நோயில் இருப்பவர்களின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து, இப்போது தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நானும் விசுவாசிதான். அதனால் வேதத்தை நடுவில் வைத்தே பேசுவோம்.

விலகுவதா, தொடர்வதா என்று இப்போது முடிவு செய்யாதீர்கள். அதற்குமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. ஜெபக்குறிப்பைப் பற்றி இரண்டே வரிகளில் எழுதிவிட்டு, "பிறகு சரியாகிவிட்டது" என்று கடந்துபோயிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தின் நெஞ்சே அந்த இரண்டு வரிகள்தான் என்று படுகிறது. ஆச்சி முதலில் பிரியமாக இருந்தார், பிறகு மாறினார் என்கிறீர்கள். எப்போது மாறினார்? அந்த ஜெபக்கூட்டத்துக்கு முன்பா, பின்பா? நாட்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

பின்புதான் என்றால், அவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் தன் வீட்டை ஆண்ட பெண். இன்று சேலையைத் தானாகக் கட்டமுடியாது. பக்கத்தில் இருக்கும் செம்பை எடுக்கக்கூட யாரையாவது கூப்பிடவேண்டும். அவர் கையில் எஞ்சியிருந்தது ஒன்றுதான்: தன் வீட்டு விஷயத்தை யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் இருப்பது என்ற உரிமை. அதையும் நாம் எடுத்துக்கொண்டு போய், முப்பது நாற்பது பேர் நடுவில் கண்களை மூடிக்கொண்டு சொல்லிவிட்டோம். படுக்கை நனைவதைச் சொன்னது அவருடைய மானத்தைத் தொட்டது. மகன் பணம் அனுப்பாததைச் சொன்னது அவர் பெற்ற பிள்ளையின் பெயரைத் தொட்டது. இதில் எது அவருக்கு அதிகம் வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதுதான் என்று ஊகிக்கிறேன். மருமகளோடு ஏற்பட்ட வருத்தம் சரியாகியிருக்கலாம். ஆச்சியிடம் யாராவது பேசினீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை.

கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்யவில்லை என்பதை முழுமனதாக நம்புகிறேன். நம் சபைகளில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. வம்பு பேசக் கூசுகிற நல்ல பெண்கள்கூட அதே செய்தியை ஜெபக்குறிப்பு என்று கூச்சமில்லாமல் சொல்கிறோம். நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் உண்மையுள்ளவனுக்குக் கொடுக்கும் அடையாளமே, காரியத்தை அடக்கிவைப்பான் என்பதுதான். பெயரைச் சொல்லாமல் ஜெபித்தால் போதாதா என்று கேட்பீர்கள். நகரத்தில் ஒருவேளை போதும். உங்கள் ஊரில் "பக்கவாதத்தில் கிடக்கும் ஒரு தாய்" என்றாலே எந்தத் தெரு, எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதைவிட எளிய வழி இருக்கிறது. "ஆச்சி, உங்களுக்காகச் சபையில் ஜெபிக்கட்டுமா? என்ன சொல்லி ஜெபிக்கட்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதை மட்டும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் வீட்டில், உங்கள் அறையில் ஜெபியுங்கள்.

பொறுமையில்லாததைக் குறித்து நீங்கள் எவ்வளவு வருந்தியிருக்கிறீர்கள் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். ஆச்சி கேட்டது கசப்பான கேள்வி, ஆனால் பொருளுள்ள கேள்வி. என் உடம்பை வைத்து நீங்கள் உங்கள் ஆத்துமாவைக் கவனித்துக்கொள்கிறீர்களா என்றுதான் அவர் கேட்டார். உங்கள் கடிதமும் அதே இடத்தில்தான் நிற்கிறது: என்னிடம் கனி இருக்கிறதா, நான் தகுதியானவளா, நான் விலகலாமா. ஆச்சிக்கு இப்போது என்ன வேண்டும் என்ற கேள்வி அதில் இல்லை. பர்திமேயு குருடன் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் இயேசு அவனிடம், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றுதான் முதலில் கேட்டார். மாற்கு 10இல் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் நான் மறுபடி மறுபடி வாசிக்கக் கொடுக்கும் பகுதி அதுதான்.

பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது இரக்கம், தயவு, மனத்தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை என்று அடுக்குகிறார். இவற்றில் எதையும் தனி அறையில் உட்கார்ந்து வளர்க்கமுடியாது. எதிரில் ஓர் ஆள் வேண்டும். அடுத்த வசனத்திலேயே, ஒருவர்பேரில் ஒருவருக்குக் குறை உண்டானால் தாங்குங்கள், மன்னியுங்கள் என்று வருகிறது. ஆக, குறையும் மனக்கசப்பும் வரும் இடத்துக்காகவே அந்தப் பட்டியல் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் ஊழியம் செய்கிறவரின் குணத்தை அவருடைய நெஞ்சுக்குள் தேடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். கட்டிலில் கிடப்பவர் எதை அனுபவித்தார் என்று பார்க்கிறேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தாலும் கரண்டியை நிதானமாகக் கொண்டுபோன கை பொறுமையான கைதான். அன்பு பொங்கிவழிந்தாலும் கேட்காமல் போர்வையை விலக்கிய கை தாழ்மையான கை அல்ல.

"கை முரடு" என்று ஆச்சி சொன்னதை எடுத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குச் செயலிழந்த பக்கத்துத் தோள்மூட்டு தளர்ந்து போயிருக்கும். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினாலோ, அக்குளில் கைகொடுத்து இழுத்து உட்காரவைத்தாலோ உயிர் போகிற வலி எடுக்கும். அவர் சொன்னது குறையே அல்ல, நோயாளி உங்களுக்குக் கொடுத்த தகவல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இனிமேல் வலது கையை இழுக்காதீர்கள். முழங்கைக்குக் கீழேயும் மேலேயும் உங்கள் இரண்டு கைகளையும் கொடுத்துத் தாங்கி, மெதுவாக நகர்த்துங்கள். ரவிக்கை மாட்டும்போது வலது கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். கஞ்சியையும் தண்ணீரையும் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பாருங்கள், விரல் நுனியை நம்பாதீர்கள்.

ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்தாகவேண்டும், புரை ஏறிவிடும். சிறிய கரண்டி, அரைக் கரண்டி கஞ்சி, இடது கடைவாய்ப் பக்கம். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. முடிந்ததும் வலது கன்னத்துக்குள் உணவு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அரைமணி நேரம் சாய்க்காதீர்கள். ஊட்டும்போது இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். நீடிய பொறுமை என்பது இந்தக் காரியத்தில் ஒரு கிண்ணத்துக்கு முக்கால்மணி நேரம். அதைக் கற்றுக்கொள்ளலாம். முதலில் அந்த உணர்ச்சி உள்ளே வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

நம் துறையின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. சிசிலி சாண்டர்ஸ் விசுவாசமுள்ள ஆங்கிலேயப் பெண். செவிலியராகப் பயின்றார். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடரமுடியாமல் மருத்துவ சமூகப் பணியாளரானார். சாகும் தறுவாயில் இருப்பவர்களின் வலியைக் குறித்துப் பேச வேண்டுமானால் மருத்துவராக வேண்டும் என்று உணர்ந்து, படித்து, 1957இல் மருத்துவரானார். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி வந்து, நோயாளி கெஞ்சிய பிறகு மருந்து கொடுப்பதுதான் அன்று பரவலான வழக்கம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி திரும்பும் முன்பே மார்பின் என்ற வலிநிவாரணி மருந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் வாதாடினார். இரக்கம் அங்கே ஒரு கால அட்டவணையாக மாறியது. நோயாளி யாரிடமும் கையேந்தவேண்டியதில்லை, நன்றி சொல்லவேண்டியதுமில்லை.

நமக்குப் பக்கத்தில், வேலூரிலும் இதைப் பார்க்கலாம். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946இல் அறுவைசிகிச்சை நிபுணராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண் மாற்று அறுவைசிகிச்சையால் நிமிர்த்தினார். உலகமே வியந்த வேலை அது. ஆனால் அப்படிக் குணமாகிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து, கை நேரானதால் பிச்சையும் விழவில்லை, தொழுநோய் வந்தவன் என்பதால் வேலையும் கிடைக்கவில்லை என்று முறையிட்டார்கள். நன்றிகெட்டவர்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டிருக்கலாம். அவர் அந்த முறையீட்டை நம்பினார். தொழில் கற்றுக்கொடுக்கும் புதுவாழ்வு மையம் அங்கே உருவானது. உணர்ச்சியற்ற பாதங்களில் புண் வராமல் காக்க மிருதுவான ரப்பர் செருப்புகளுக்காகவும் அவரும் உடன்வேலை செய்தவர்களும் பாடுபட்டார்கள். அறுவைசிகிச்சை நிபுணர் செருப்பைப் பற்றிக் கவலைப்பட்டதை நான் மனத்தாழ்மை என்பேன். அங்கேயும் எல்லாம் தொடங்கியது, குறை சொன்னவரை நம்பியதிலிருந்துதான்.

இனி, முதலில் செய்யவேண்டிய காரியம். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். உங்கள் சனிக்கிழமை ஊழியமும் காணிக்கைதான். ஆச்சியிடம் போங்கள். குழுவோடு போகாதீர்கள், தனியாகப் போங்கள். பழம், பிஸ்கட் எதுவும் கொண்டுபோகாதீர்கள். மருமகள் அடுப்படியில் இருக்கும் நேரமாக, ஆச்சியோடு இரண்டு நிமிடம் தனியே பேசக்கூடிய நேரமாகப் பாருங்கள். கட்டிலருகே உட்கார்ந்து, "ஆச்சி, உங்கள் வீட்டு விஷயத்தை உங்களைக் கேட்காமல் ஜெபக்கூட்டத்தில் சொல்லிவிட்டோம். அது தப்பு. அன்றைக்கு டம்ளரைப் போட்டுவிட்டுப் போனதும் தப்பு. இனி இந்த வீட்டில் பார்ப்பதையும் கேட்பதையும் வெளியே சொல்லமாட்டேன்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். "நல்ல எண்ணத்தில்தான் சொன்னோம்" என்று சேர்க்காதீர்கள். "என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்" என்று நெருக்காதீர்கள். மன்னிப்பதற்கு அவருக்கு நாளாகலாம். அழுதால் அழட்டும், திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, "நான் தொடர்ந்து வரட்டுமா? வந்தால் எதைச் செய்யட்டும், எதைச் செய்யவேண்டாம்?" என்று கேளுங்கள். இந்தச் சந்திப்பை ஒருபோதும் சபையில் சாட்சியாகச் சொல்லாதீர்கள்.

வரவேண்டாம் என்று சொன்னால் வருந்தாதீர்கள், வாதாடாதீர்கள். உங்கள் குழுவில் வேறொருவர் போகலாமா என்று மட்டும் கேளுங்கள். அந்த முடிவு அவருடையது.

உடல்நிலையையும் பார்க்கவேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. எரிச்சல், சட்டென்று வரும் அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. படுக்கையில் சிறுநீர் போவதற்குச் சிறுநீர்த்தொற்று காரணமாக இருக்கலாம், அதற்கும் மருந்து உண்டு. தொற்று இல்லையென்றால், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அவர் கூப்பிடும் முன்பே நாமே கேட்டுப் படுக்கைத்தட்டு வைப்பதாலேயே பலருக்குக் குறைந்துவிடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. ஆச்சியும் மருமகளும் சம்மதித்தால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்ய உதவுங்கள். சிறுநீர்த்தொற்றாக இருக்கக்கூடியதை ஜெபக்குறிப்பாக்கிவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

சாந்தம் என்பது எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்வதல்ல என்பதையும் சொல்லவேண்டும். மூன்று வருடம் ஒரே வீட்டுக்கு ஒரே ஆள் போகவே கூடாது. அது குழுவின் அமைப்பில் இருக்கும் பிழை. அதை உங்கள் குணக்கேடாக நீங்கள் சுமக்கவேண்டாம். நல்ல சமாரியன் கதையைப் பொறுமையாகப் படியுங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், அந்த இரவு கூட இருந்து பார்த்துக்கொண்டான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போனான். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். யாரும் அவனைப் பாதியில் விட்டுப்போனவன் என்று சொல்வதில்லை. எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய், சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்தபோதும் தேவதூதன் கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடவைத்தான்.

ஆகவே குழுவில் பேசி, ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் மாறி மாறிப் போகும்படி செய்யுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை உங்களுக்கு ஓய்வாக இருக்கட்டும், அதை முந்தின வாரமே ஆச்சியிடம் சொல்லிவிடுங்கள். காத்திருக்கவைத்து வராமல் போவதுதான் படுக்கையில் இருப்பவர்களுக்குப் பெரிய துன்பம். சொன்ன நேரத்துக்குப் போவதும், முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்வதும் உண்மையுள்ள ஊழியத்தில் பாதி. இன்னும் சில காரியங்களைக் குழு ஒரே மனதாக முடிவெடுக்கட்டும்: எந்த வீட்டிலும் படம் எடுப்பதில்லை, வீட்டுக் கதையை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, கேட்காமல் ஜெபத்தைத் தொடங்குவதில்லை. சால்வையைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். அடுத்த வருடம் வேண்டாம் என்று ஆயரிடம் சொல்லிவிட்டால் முடிந்தது.

கடைசியாக அந்த மருமகள். உங்கள் கடிதத்தில் அவர் ஒரே ஒரு வரியில், அதுவும் மனவருத்தப்பட்டவராக மட்டும் வருகிறார். நீங்கள் வாரத்தில் ஒரு காலை செய்வதை அவர் தினமும், இரவிலும் செய்கிறார். யாரும் அவருக்குச் சால்வை போடவில்லை. ஜெபக்குறிப்பில் போனது அவர் கணவரின் பெயரும்தான், அதனால் அவரிடமும் தனியாக மன்னிப்புக் கேளுங்கள். கையை எப்படித் தாங்குவது, ரவிக்கையை எப்படி மாட்டுவது என்பதை அவரோடு சேர்ந்து செய்து பாருங்கள். பிறகு, வாரத்தில் எந்த இரண்டு மணி நேரம் ஆச்சியோடு யாராவது இருந்தால் அவருக்கு உதவியாக இருக்கும் என்று கேளுங்கள். சனிக்கிழமை காலை நமக்கு வசதியான நேரம். அவருக்கு அது புதன்கிழமை மாலையாக இருக்கலாம். அப்படியென்றால் அட்டவணையைப் புதன்கிழமைக்கு மாற்றிவிடுங்கள்.